வியாழக்கிழமை திறந்த பீப்பாய்

ஜனவரி 9, திங்கள்

கோசலையை இன்று காலை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தேன். நாளை ஒப்பரேசன். குடலில் ஒரு துண்டை வெட்டி எடுப்பார்களாம். தண்ணீர்க் குழாயில் பழுதான துண்டை மாற்றுவது மாதிரி வைத்தியர் சொல்லி முடித்துவிட்டார். அவருக்கென்ன, அவருடைய குடலா?

கட்டிலில் ஏறி இருந்ததும் என் மனைவி பேசிய முதல் பேச்சு பீப்பாயைப் பற்றியது.

"செவ்வாய் மூண்டு காஸ்க் வரும். வந்த உடன திறக்காதேங்கோ. ஒரு நாள் முழுக்கக் கிடந்து மண்டி அடங்கட்டும். உருட்டக் கூடாது, தட்டக் கூடாது. பகலில மூங்கில் ஆப்பு, கடை பூட்டேக்க இறுக்கமான ஆப்பு. மாறிப் போட்டியளெண்டால் சரி, அவ்வளவுதான்."

"பத்தொன்பது வருசமாப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

"பாத்தது நீங்கள். செய்தது நான்."

பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரக் கிழவிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். புருசன் பெண்சாதி சண்டைக்கு மொழி தேவையில்லை போலும்.

நான் வெளிக்கிடும்போது கையைப் பிடித்துச் சொன்னாள்: "புத்தகத்தில ஒவ்வொரு நாளும் எழுதுங்கோ. என்ன இருக்கோ அதை எழுதுங்கோ."

அவள் சொன்னது செலர்ப் புத்தகம். நாங்கள் நடத்தும் பியர்க்கடைக்கு, எங்கள் பப்புக்கு, கீழே உள்ள நிலவறையைத்தான் செலர் என்போம். தினமும் காலை பதினொரு மணிக்குக் கோசலை கைப்பம்பை இழுத்து, குழாயில் இரவு முழுக்க நின்ற பியரை ஊற்றிவிட்டு, அடுத்ததில் ஒரு மிடறு ருசிபார்த்து, அந்தப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவாள். ஊரில் இரசாயனம் படிப்பித்தவளின் எழுத்து. இந்தக் கொப்பி வேறு. இது என் புலம்பலுக்கு வாங்கியது. அவள் திரும்பி வந்ததும் எரித்துவிடலாம்.

ஜனவரி 10

ஆறு மணித்தியாலம். உயிரோடு இருக்கிறாள்.

ஜனவரி 12, வியாழன்

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மற்றவர்கள் பிள்ளைகளை வைத்துப் பிடிக்கும் சண்டையை நாங்கள் பியரை வைத்துப் பிடித்தோம். காஸ்க் நல்லதா, கெக் நல்லதா?

இன்று கேட்க ஆளில்லாததால் என் பக்க நியாயத்தை முழுதாக எழுதி வைக்கிறேன்.

காஸ்க் என்பது உயிருள்ள சாமான். பீப்பாய்க்குள் ஈஸ்ட் சாகாமல் கிடந்து வேலை செய்துகொண்டிருக்கும். அதற்கு மூச்சுவிட ஆப்பு வேண்டும், ஓய்வு வேண்டும், சூடு குளிர் பார்க்க வேண்டும். திறந்தால் மூன்று நாள். நாலாம் நாள் வினாகிரி வாசம் எட்டிப் பார்க்கும். ஒரு பீப்பாயில் எழுபது கிளாஸ். மழை பெய்து சனம் வராவிட்டால் மிச்சத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு சாக்கடைக் கானுக்குள் ஊற்ற வேண்டியதுதான்.

கெக் அப்படியில்லை. வடித்து, வாயு அடைத்து, இரும்புக் குடத்தில் பூட்டி அனுப்புவார்கள். காற்றுப் படாது. திறந்து ஒரு மாதம் ஆனாலும் செவ்வாய்க்கிழமைக் கிளாசும் சனிக்கிழமைக் கிளாசும் ஒன்றுபோல இருக்கும். இப்போதைய இளம் வடிப்பாளர்கள் கெக்கில் செய்கிற வேலை சாதாரணமானதல்ல. மாம்பழ வாசமும் தோடம்பழத் தோல் வாசமும் மூக்கில் அடிக்கும். அந்த வாசம் கெக்கில் கிடப்பதுபோல் காஸ்க்கில் கிடக்காது. இதைச் சொன்னால் கோசலை ஒரு கேள்வி கேட்பாள்.

"வாசம் வருது. சரி. குடிச்சு முடிய என்ன மிஞ்சுது?"

இத்தனைக்கும் அவள் குடிப்பவள் அல்ல. நாளுக்கு நாலு மிடறு, அதிலும் பாதியைத் துப்பிவிடுவாள். சொந்தக்காரர் வீட்டுக் கலியாணங்களில் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் அறியாதவள்போல இருப்பாள். ஆனால் இந்த யோர்க்‌ஷயர் மூலையில், அந்த நாக்கை நம்பித்தான் முப்பது மைல் தள்ளியிருந்தெல்லாம் எங்கள் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள்.

ஜனவரி 14, சனி

பீப்பாயை நேராக வைக்கலாம் என்று கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், உருட்டினேன். பிறகு ஆப்புக்குச் சுத்தியலால் ஒரு தட்டு. பியர் கூரை வரை போனது. என் தலை, சட்டை, செலர்ச் சுவர், எல்லாம் அபிசேகம்.

அவளிடம் சொல்லவில்லை. சிரித்தால் தையல் நோகும்.

ஜனவரி 21, சனி

பன்னிரண்டு கிளாஸ் திரும்பி வந்தது. மண்டி அடங்க முன் திறந்துவிட்டேன். கழுவிய அரிசித் தண்ணீர் நிறம். திருப்பித் தந்தால் ஏன் என்று கேட்காமல் மாற்றிக் கொடுப்பது கோசலையின் சட்டம். கேட்காமல் மாற்றினேன், மாற்றியதும் அதே நிறம்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கீத், பதினெட்டு வருசமாக அதே முக்காலியில் இருப்பவன், இன்றுதான் முதல்முறையாகக் கிளாசை என் பக்கம் தள்ளினான். "பரவாயில்லை நவம், உனக்கு ஆயிரம் யோசனை" என்றான். அவன் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னேரம் கோசலை போன் எடுத்தாள். குரல் பஞ்சுபோல வந்தது.

"இண்டைக்கு எப்பிடி?"

"தெளிவு. நல்லாப் போகுது."

"புத்தகத்தில எழுதினீங்களே?"

"ஓம்."

போனை வைத்துவிட்டுப் போய் எழுதினேன். 'தெளிவு. நல்லது.'

ஜனவரி 28

தையலுக்குள் கிருமி. திரும்ப ஒப்பரேசன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு நாள் என்னை யாரென்று தெரியவில்லை. ஒரு தடவை கண்ணைத் திறந்து, "வாயுத் திறப்பைப் பூட்டுங்கோ பிள்ளையள்" என்றாள். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நிற்கிறாளாம்.

கடை மூடிக் கிடந்தது. மூன்று காஸ்க்கும் புளித்துவிட்டன. ஊற்றினேன். அந்த நாற்றத்தில் செலர்ப் படியில் இருந்து அழுதேன். பியருக்காக இல்லை.

பெப்ரவரி 2, வியாழன்

லோரா வந்தாள். எங்களுக்குப் பியர் தரும் வடிசாலையின் ஆள். நாங்கள் காஸ்க்கில் எடுக்கும் அதே பிட்டர்ப் பியரை இப்போது கெக்கிலும் அடைக்கிறார்களாம். அதே மோல்ற் தானியம், அதே ஹொப்ஸ் பூ, அதே கை. "கோசலை வரும்வரைக்கும் எடு, உனக்குத் தலையிடி இல்லை" என்றாள். எடுத்தேன்.

லோராவுக்குத் தெரியாத ஒன்றையும் செய்தேன். கெக் பியருக்கென்று சின்னக் குழாய் இருக்கிறது. அதில் விட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், யாராவது கோசலைக்கு எழுதிவிடுவார்கள். ஆகவே ஒரு வால்வு வாங்கி வாயுவைக் குறைத்து, கெக்கை, காஸ்க்குக்கு மட்டுமே உரிய கைப்பம்போடு பொருத்தினேன். வெளியில் பார்த்தால் அதே பழைய மரக் கைப்பிடி. இந்த ஊர்ப் பியர்க்காரருக்கு இதைவிடப் பெரிய மோசடி இல்லை. கள்ள நோட்டு அடித்தவனைக்கூட மன்னிப்பார்கள்.

அவள் எழும்பி வரட்டும். அன்றைக்கே கழற்றிவிடுவேன்.

பெப்ரவரி 11, சனி

வேலை பாதியாகிவிட்டது. செலருக்குப் போகத் தேவையே இல்லை. ஒருவரும் திருப்பித் தரவில்லை. நான் பத்தொன்பது வருசமாகச் சொன்னது சரிதான் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வெறும் கடையில் அது நல்லாகக் கேட்கவில்லை.

கீத் இப்போது பியரை விட்டுவிட்டுப் போத்தலில் வரும் ஆப்பிள் சைடர் குடிக்கிறான். பல்லில் ஏதோ கோளாறாம்.

கோசலையை ஆஸ்பத்திரியில் இருந்து விட்டுவிட்டார்கள். கடைக்கு மேலே உள்ள எங்கள் வீட்டுப் படி ஏற முடியாது என்பதால் ஹரோவில் அவளுடைய தங்கை மங்களத்தின் வீட்டில் நிற்கிறாள். மங்களம் நேர்ஸ். வைத்தியர் இரண்டு வழி சொல்லியிருக்கிறார். ஒன்று குளிசை, மெல்லிய மருந்து. மற்றது கையில் ஏற்றும் பெரிய மருந்து. அது நோயை அமத்தச் சாத்தியம் அதிகம். ஆனால் நாக்கில் ருசி போகும். திரும்பி வரலாம், வராமலும் விடலாம்.

"குளிசையே எடுக்கிறன்" என்றாள் போனில்.

"நாக்குக்காகவோ உயிரை விடப்போறீர்?"

"நாக்கு இல்லாமல் அந்தச் செலருக்குள்ள நான் என்னத்துக்கு? நீங்கள் கெக்கை வைச்சுக்கொண்டு சந்தோசமா இருப்பியள்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். போனை வேறு காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

பெப்ரவரி 12 – மார்ச் 3

புத்தகத்தில் எழுதியவை: நல்லது. நல்லது. நல்லது. கொஞ்சம் மந்தம் (நம்ப வேண்டுமே). நல்லது.

மார்ச் 4, சனி

வந்துவிட்டாள். மங்களத்தின் புருசன் காரில் கொண்டுவந்து விட்டார். நாற்பத்தொரு கிலோ. படியில் நான் பிடித்தால் கோபம், விட்டால் பயம். மேலே போகக் கால் மணித்தியாலம் எடுத்தது. சன்னல் ஓரம் இருந்ததும், "நாளைக்குக் கீழ வந்து ருசிபாக்கிறன்" என்றாள்.

ஒரு பீப்பாய்க்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். செலரில் ஒரு காஸ்க்கும் இல்லை. லோராவைக் கூப்பிட்டேன், சனிக்கிழமை எடுக்கவில்லை.

இன்றிரவே சொல்லிவிடலாம் என்று படுக்கையில் இருந்து யோசித்தேன். அவள் தூங்கிவிட்டாள்.

மார்ச் 5, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு இறங்கி வந்தாள். நீலச் சேலை, மேலே என் கம்பளிச் சட்டை. கீத் வேளைக்கே வந்து காத்திருந்தான். எழும்பிக் கைலாகு கொடுத்தான். அவனுடைய போத்தலைப் பார்த்து, ஏன் என்று கேட்டாள். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பல் என்றான்.

காலையிலேயே கெக்கைக் குளிரூட்டியில் இருந்து எடுத்து வெளியே வைத்திருந்தேன். சூடு ஓரளவு சரி. முதல் கிளாசை ஊற்றிவிட்டு இரண்டாவதில் அரை அங்குலம் பிடித்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தாள். தெளிவு. மணந்தாள். ஒரு மிடறு எடுத்து வாய்க்குள் வைத்திருந்தாள். பிறகு விழுங்கினாள். இன்னொன்று.

"நுரை பெரிசு. நாக்கு நுனியில குத்துது" என்றாள். "முன்னுக்கு எல்லாம் நிக்குது. பின்னுக்கு ஒருத்தரும் இல்லை."

நான் துணியால் மேசையைத் துடைத்தேன்.

"இஞ்சருங்கோ, இது கெக் மாதிரியெல்லோ இருக்கு?"

அந்த இடத்தில், அந்த நொடியில், ஓம் என்று ஒரு சொல் போதும். அவள் ஏசியிருப்பாள். ஒரு கிழமை கதைக்காமல் இருந்திருப்பாள். நான் சொன்னது இது:

"விசரே உமக்கு? காஸ்க்தான். வியாழக்கிழமை திறந்தது."

புத்தகத்தைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். என் எழுத்தில் பக்கம் பக்கமாக 'நல்லது'. வியாழக்கிழமை வரியில் விரலை வைத்தாள். பிறகு மூன்றாம் முறை ருசிபார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். கண் திறந்தபோது முகம் வேறாக இருந்தது.

"அப்ப என்ர நாக்குத்தான்" என்றாள்.

"குளிசையால இருக்கும். சரிவரும்."

"ஓம்."

கீத் தன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டான். போத்தலில் பாதி அப்படியே இருந்தது.

மார்ச் 6

சாப்பிடவில்லை. அழவும் இல்லை. ரசம் வைத்துக் கொடுத்தேன். "மிளகு தெரியுது. ஆனா நான் தெரியுதெண்டு நினைக்கிறனோ தெரியாது" என்றாள். தன் நாக்கைத் தானே நம்பாதவளாக இருக்கிறாள். நேற்று வரை அந்த நாக்கில் ஒரு பிழையும் இல்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். சரி, கீத்துக்கும் தெரியும்.

மார்ச் 8, புதன்

வைத்தியரிடம் போனோம். நான் ஒரு முடிவோடு போனேன். வரும் வழியில் காரை நிறுத்திச் சொல்லிவிடுவது.

வைத்தியர் குளிசையின் பலனைப் பற்றித் தொடங்கினார். கோசலை கையை உயர்த்தினாள். பள்ளிக்கூடப் பழக்கம். பெரிய மருந்தையே ஏற்றுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ருசியைப் பற்றி முன்பு யோசித்தீர்களே என்று அவர் கேட்டார். அது ஏற்கெனவே போய்விட்டது, இனிக் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்றாள்.

வைத்தியர் முகம் மலர்ந்தது. நல்ல முடிவு என்றார். சாத்தியம் இரண்டு மடங்கு என்று ஏதோ கணக்குச் சொன்னார்.

வரும் வழியில் காரை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்த வேண்டும்? நான் ஒரு மாதமாகக் கெஞ்சியது இந்த மருந்துக்குத்தானே. வாயால் சொல்லி நடக்காதது ஒரு கிளாஸ் கெக்கால் நடந்துவிட்டது. அவள் உயிரோடு இருந்தால் போதும். பிறகு சொல்லலாம். அறுபது வயதில் ஒரு நாள், கடலோரம் எங்காவது இருந்து சொல்லி, அடிவாங்கலாம்.

சாமி படத்துக்கு முன் நின்று நன்றி சொன்னேன். என்ன துணிச்சல் எனக்கு.

மார்ச் 20, திங்கள்

முதல் மருந்து ஏற்றியாயிற்று. வாந்தி.

வால்வைக் கழற்றி எறிந்தேன். மூன்று காஸ்க் இறக்கினேன். இம்முறை தொடக்கூட இல்லை. ஒரு நாள் முழுக்கக் கிடந்தது.

ஏப்ரல் 11, செவ்வாய்

ஆப்புகளை மாறிப் போடவில்லை. சூடு பன்னிரண்டு பாகை. கடை பூட்டும்போது இறுக்கமான ஆப்பு, திறக்கும்போது மூங்கில். மூங்கிலின் நுனியில் நுரை கொப்பளிப்பதை வைத்துப் பீப்பாயின் மனநிலை சொல்லலாம் என்று கோசலை சொல்வாள். நான் கேலி செய்வேன். இப்போது எனக்கும் தெரிகிறது. வேகமாகக் கொப்பளித்தால் பொறு என்று அர்த்தம். மெதுவானால் தயார்.

கீத் ஒரு கிளாஸ் வாங்கினான். பாதி குடித்துவிட்டு, "பல் சரியாகிவிட்டது" என்றான். நான் வேறு பக்கம் திரும்பினேன்.

இன்று எனக்கே விளங்கியது. முதல் மிடறில் கசப்பு, அது ஓய்ந்த பிறகு பிஸ்கட் மாதிரி ஒரு மென்மை, அதுவும் போன பிறகு, கிளாசை வைத்துவிட்டுத் திரும்பிய பிறகு, பின்னால் இருந்து இன்னொன்று வருகிறது. பேர் தெரியவில்லை. பேர் தெரிந்தவள் மேலே வாளியைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள்.

ஏப்ரல் 12

அதில் அரை அங்குலம் மேலே கொண்டுபோனேன். நான் கவனித்து வளர்த்த பீப்பாய். பத்தொன்பது வருசத்தில் முதல் தடவை அவளுக்குக் காட்டக்கூடிய ஒன்று.

வாயில் வைத்தாள். நெடுநேரம் காத்திருந்தாள்.

"ஒண்டும் இல்லையப்பா. தண்ணி."

"கொஞ்சமும்?"

"ஈரமா இருக்கு. அவ்வளவுதான்." கிளாசைத் திருப்பித் தந்து என் கன்னத்தைத் தட்டினாள். "தெளிவாக் கிடக்கு. நீங்கள் பழகிட்டியள்."

மே 6, சனி

நாலாவது மருந்து. விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் சூடு தெரியவில்லை என்கிறாள். நான் ஊதி ஆற்றிக் கொடுக்கிறேன். சோறு மண்மாதிரியாம். ஆனாலும் ஒவ்வொரு பிடியையும் வேலை செய்வதுபோல விழுங்குகிறாள்.

செலர்ப் புத்தகத்தில் இப்போது உண்மை எழுதுகிறேன். முந்தியவற்றை வெட்டவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

ஸ்கான் முடிவு.

பெரிய மருந்து ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் என்றால் ஒன்றும். ஈரலிலும் பரவியிருக்கிறது. சிலருக்கு இப்படித்தான், கேட்பதில்லை என்றார் வைத்தியர். இனி மருந்து வேண்டாம், நோகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கோடைகாலம் முடியும்வரை இருக்கலாம் என்றார்.

கோசலை அவருக்கு நன்றி சொன்னாள். நான் சொல்லவில்லை.

ஜூன் 8, வியாழன்

காலை பத்து மணி. வெயில். கட்டிலில் தலையணையை நிமிர்த்தி வைத்து அவளை இருத்தினேன். இரண்டு நாளாக நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்திருக்கிறாள்.

"இஞ்ச வாங்கோ. இதில இருங்கோ."

இருந்தேன்.

"அந்த மருந்துக்கு நான் ஓமெண்டது பிழையெண்டு யோசிக்கிறியள். சும்மா வாந்தியும் அவதியும் எண்டு. அப்பிடி யோசிக்காதேங்கோ. அதால எனக்கு ஒரு நட்டமும் இல்லை. நாக்கு அதுக்கு முதலே போயிட்டுதெல்லோ. இருந்த ஒண்டைப் பறிச்சிருந்தால் மனவருத்தமாயிருக்கும். இல்லாததைத்தானே எடுத்தது."

எனக்கு ஆறுதல் சொல்கிறாள். எனக்கு.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். லோராவிலிருந்து தொடங்கி, வால்வு, கைப்பிடி, போனில் சொன்ன ஒவ்வொரு நல்லது, வியாழக்கிழமை, எல்லாம் சொன்னேன். முழங்காலில் இருந்ததாக ஞாபகம். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் விரிப்பில் இருந்த பூக்களைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

கீழே தெருவில் ஒரு லொறி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது.

"அப்ப அண்டைக்கு என்ர நாக்கு சரி?"

"சரி."

"நுரை பெரிசெண்டு சொன்னது?"

"சரி."

"பின்னுக்கு ஒருத்தரும் இல்லையெண்டது?"

"எல்லாம் சரி கோசலை. நீர் சொன்னது எல்லாம் சரி."

சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். பரீட்சையில் தேறிய பிள்ளை முகம். முதுகை நிமிர்த்தி, "நான் பிடிச்சிட்டன்!" என்றாள். "அந்த நிலையிலயும் பிடிச்சிட்டன்!" ஐந்து மாதத்தில் அவள் குரலில் அந்தப் பலத்தை நான் கேட்கவில்லை. நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிறகு சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. மனதுக்குள் நாட்களை எண்ணுகிறாள் என்று தெரிந்தது. மார்ச் ஐந்து. மார்ச் எட்டு. முதல் மருந்து. விரலால் விரிப்பில் ஒரு பூவின் விளிம்பைத் தடவினாள். அந்த விரலுக்கு அது தெரியாது.

"அப்ப நான் ருசி தெரிஞ்சு கடைசியாக் குடிச்சது அதுதான்" என்றாள்.

விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

"நல்ல கெக் அது" என்றாள். ஏசும் குரல் இல்லை. செலர்ப் புத்தகத்துக்குச் சொல்வதுபோல அளந்து சொன்னாள். "சுத்தம். கசப்பு அளவு. பிழை சொல்ல ஒண்டும் இல்லை. கெக்கெண்டு சொல்லித் தந்திருந்தால், நல்லா இருக்கு எண்டு சொல்லியிருப்பன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகைத் தொட்டேன். கையை எடுங்கோ என்றாள். எடுத்தேன்.

கீழே போய்க் கடையைத் திறந்தேன். பன்னிரண்டு மணி ஆகியிருந்தது.

ஜூன் 10, சனி

இன்னும் என்னோடு கதைக்கவில்லை. மங்களத்தோடு போனில் கதைத்தாள், காலநிலை பற்றி.

மத்தியானம் சோற்றைப் பருப்போடு குழைத்துக்கொண்டு போய்க் கட்டில் ஓரம் இருந்தேன். முகத்தைத் திருப்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். என்னைப் பார்க்காமல் வாயைத் திறந்தாள். ஒரு பிடி கொடுத்தேன். விழுங்கினாள். இன்னொரு பிடி.

உப்புப் போதுமோ என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.